கடலோரம் வாழ்கிறோம், கடலை அறிவோமா?



பினாங்குத் தீவின் வடகரையில், ஜோர்ஜ்டவுன் மாநகரை ஒட்டியுள்ள தஞ்சோங் பூங்காவில் நான் குடியிருக்கிறேன். மலாய் மொழியில் தஞ்சோங் என்றால் கடலுக்குள் நீண்டு நிற்கும் நிலமுனை. பூங்ஙா என்றால் மலர். மலர்முனை என்று நாம் தமிழில் சொல்லிக் கொள்ளலாம். நம் நாளேடுகள் இதனைப் ‘பூங்கா’ என்றே எழுதி வருவதால், வெளியூர் உறவினர்கள் முதன்முறை வரும்போது “எந்தப் பூங்காவுக்குப் பக்கத்தில்?” என்று கேட்பது வாடிக்கை. அடுத்த ஊர் பத்து பெரிங்கி. பத்து என்பது பாறை. பெரிங்கி வேறொன்றுமில்லை, நம் ‘பறங்கி’தான். சென்னையில் ஒரு பறங்கிமலை இருப்பது போல இங்கே ஒரு பறங்கிப் பாறை! அதற்கும் அப்பால் தெலுக் பகாங். தெலுக் என்றால் குடா. இப்படி ஊர்ப்பெயர்களிலேயே நிலமும் நீரும் கலந்து கிடக்கின்றன. ஆனால், இந்த ஊர்களில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கடலைத் தெரியுமா? இந்தக் கேள்வியைத்தான் ஆசிரிய நண்பர்களிடமும் பெற்றோரிடமும் கேட்க விரும்புகிறேன்.

கடற்கரையில் வீடு என்றதும் “கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்” என்பார்கள் கெடாவிலிருக்கும் என் உறவினர்கள். உப்புக்காற்றில் சன்னல் கம்பிகள் துருப்பிடித்து உதிர்வதும், குளிரூட்டியின் வெளிப்பெட்டி சில ஆண்டுகளிலேயே பல்லிளிப்பதும் அவர்களுக்குத் தெரியாது. மலைக்கும் கடலுக்கும் நடுவே நெளிந்து செல்லும் சாலையில், பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பத்து நிமிடப் பயணம் ஒரு மணி நேரமாகிவிடும். ஒரு பக்கம் கடல் என்றால் மறு பக்கம் வெட்டப்பட்ட மலை. 2017 அக்டோபர் 21ஆம் நாள் இங்கே ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் புதையுண்டு மாண்டனர். அடுக்குமாடிகளைப் பற்றியும் மலைச்சரிவுகளைப் பற்றியும் பேச அறிஞர்களும் இயக்கங்களும் இருக்கிறார்கள். நான் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. எனக்குத் தெரிந்தது பிள்ளைகளும் பாடமும்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது’ என்ற கட்டுரையை எழுதாமல் தமிழ்ப்பள்ளியிலிருந்து எவரும் வெளியேறியிருக்க முடியாது. நானும் எழுதியிருக்கிறேன். கடலிலிருந்து வெகுதொலைவில், கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் லயத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதினேன். கடலை அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தேன். ஆகவே ‘கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்’, ‘அலைகள் கரையை முத்தமிட்டன’, ‘சிறுவர்கள் மணல்வீடு கட்டி மகிழ்ந்தனர்’ என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டதை மனனம் செய்து எழுதியதில் வியப்பில்லை. வியப்பு எதுவென்றால், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழும் என் மாணவர்களும் இன்று அதே வரிகளைத்தான் எழுதுகிறார்கள்! கடலிலிருந்து கதிரவன் எழுந்ததாக ஒரு மாணவன் எழுதியிருந்தான். எங்கள் கடலோ வடக்கே இருக்கிறது. கதிரவன் பெருநிலத்துப் பக்கமிருந்து உதித்து, மலைப்பக்கமாகச் சாய்கிறான். அந்த மாணவன் நாள்தோறும் பள்ளி வேனில் அந்தக் கடலைப் பார்த்துக் கொண்டுதான் வருகிறான். அவன் கண்ணில் பட்ட கடல் வேறு, தாளில் எழுதிய கடல் வேறு. தமிழில் எழுதத் தொடங்கியவுடன் அவன் தன் கண்ணை மூடிக் கொள்கிறான் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இதனை வெறும் கட்டுரைப் பயிற்சிச் சிக்கலாக எண்ணி விட்டுவிடலாம். ஆனால் ஒரு நாள் இது உயிர்ச் சிக்கலாகவும் மாறும் என்பதை இந்தக் கரை ஏற்கெனவே கண்டிருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 8.58க்குச் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. பினாங்கின் உயரமான அடுக்குமாடிகளில் இருந்தோர் பலர் அந்த ஆட்டத்தை உணர்ந்தனர். அலை இங்கே வந்து சேர்ந்தது பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு. நடுவில் நான்கு மணி நேரம் இருந்தது! அந்த நான்கு மணி நேரமும் எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குளித்துக் கொண்டும், பாய் விரித்துச் சோற்றுப் பொட்டலம் பிரித்துக் கொண்டும் இருந்தது. எச்சரிக்க எந்த ஏற்பாடும் அன்று இல்லை. மலேசியாவில் மாண்டோர் 68 பேர். அவர்களுள் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள். பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங், தீவின் மேற்கே பாலிக் பூலாவ் பக்கத்துப் பாசிர் பாஞ்சாங் என அலை புகுந்த இடங்களையெல்லாம் ஊரார் இன்றும் விரலால் சுட்டிக் காட்டுவார்கள். அதே நாளில் தமிழகத்தின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் முன்னோருள் பலர் கப்பலேறிய துறை நாகப்பட்டினம். வந்து இறங்கிய துறை பினாங்கு. ஒரே பேரலை ஏறிய துறையையும் இறங்கிய துறையையும் ஒரே நாளில் தாக்கியது.

அப்போது நான் ஆசிரியர் பணிக்குப் புதியவள். 2005 ஜனவரியில் பள்ளி திறந்தபோது, ஓவிய வகுப்பில் எதை வரையச் சொன்னாலும் பிள்ளைகள் அலையையே வரைந்தார்கள். பென்சில் முனை உடையும்வரை நீலத்தை அழுத்தித் தேய்த்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் படங்கள் குறைந்தன. அதற்கடுத்த ஆண்டு இல்லவே இல்லை. இன்று ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை அந்த அலைக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தது. அதற்குச் சுனாமி என்பது கைப்பேசியில் பார்க்கும் ஒரு காணொளி.

இப்போது வேறொரு கரைக்கு வருமாறு அழைக்கிறேன். சுமத்ராவின் மேற்கே சிமலூ என்றொரு தீவு இருக்கிறது. அன்றைய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளுள் அதுவும் ஒன்று. அங்கே நான்கு மணி நேரமெல்லாம் கிடைக்கவில்லை, சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. ஏறத்தாழ எழுபத்தெட்டாயிரம் மக்கள் வாழ்ந்த அந்தத் தீவில் மாண்டோர் ஏழே பேர். காரணம் ஒரு சொல்! ‘ஸ்மோங்’ என்பது அவர்கள் மொழியில் பேரலைக்குப் பெயர். 1907இல் ஒரு பேரலை அந்தத் தீவை அழித்தது. தப்பிப் பிழைத்தவர்கள் அதனைக் கதையாகவும் பாட்டாகவும் தாலாட்டாகவும் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பலமாக நிலம் ஆடி, பின்பு கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஓடு என்பதுதான் அந்தக் கதையின் சாரம். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து நிலம் ஆடிக் கடல் வற்றியபோது யாரோ ‘ஸ்மோங்’ என்று கூவினார்கள். தீவே மலையேறியது. வானொலியும் அபாயச் சங்கும் செய்ய முடியாததைப் பாட்டிமார்களின் மொழி செய்தது.

தாய்மொழி ஆசிரியர் என்று சொல்லிக் கொள்ளும் எனக்கு, மொழியின் பயன் பற்றி இதைவிடப் பெரிய சான்று இதுவரை கிடைத்ததில்லை.

நம்மிடம் அத்தகைய சொல் இல்லையா? இருக்கிறது. 2004க்குப் பிறகு ‘ஆழிப்பேரலை’ என்ற சொல் பரவலாயிற்று. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ‘கடல்கோள்’ என்ற சொல் நம்மிடம் உண்டு. இறையனார் அகப்பொருள் உரை தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்ட செய்தியைச் சொல்கிறது. புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. ஆனால் அந்தச் சொல்லை நாம் என்ன செய்தோம் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். மன்னன் மகனைப் பிரிந்த துயரில் இந்திர விழாவை எடுக்க மறந்தான், அதனால் கடல் பொங்கியது என்பது மணிமேகலை தரும் காரணம். காப்பியத்துக்கு அது பொருத்தமே; காப்பியம் பேரிடர்க் கையேடு அன்று. மேடைகளிலோ கடல்கோள் நம் மொழியின் தொன்மைக்குச் சான்றாக மட்டும் பயன்படுகிறது. “எங்கள் நிலத்தைக் கடல் கொண்டது, நாங்கள் அத்தனை பழையவர்கள்” என்று பேசுகிறோம். கை தட்டுகிறோம். கடல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரி அந்தப் பேச்சில் எங்கும் இல்லை. சிமலூ மக்கள் தம் அழிவைப் பாடமாக்கினார்கள், நாம் நம் அழிவைப் பட்டயமாக்கிச் சுவரில் மாட்டிக் கொண்டோம். கடுமையாகச் சொல்கிறேன் என்று சில நண்பர்கள் வருந்தக்கூடும். தமிழ்ப்பற்றில் நான் எவருக்கும் குறைந்தவள் அல்லள். பற்று இருப்பதால்தான் சொல்கிறேன்.

வானம் தெளிவாக இருக்கும் நாளில் எங்கள் கரையிலிருந்து வடக்கே பார்த்தால் கெடாவின் ஜெராய் மலை தெரியும். அந்தக் காலத்துக் கப்பலோட்டிகளுக்கு அதுவே வழிகாட்டி. அதன் அடிவாரப் பகுதியைத்தான் கடாரம் என்கிறோம். இராசேந்திர சோழனின் கடற்படை வந்த கதையைச் சொல்லும்போது என் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நல்லது. அந்தக் கப்பல்களைச் செலுத்தியவர்களுக்குக் காற்றும் ஓதமும் நீரோட்டமும் தெரிந்திருந்தன. பெருமிதம் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது, அந்த அறிவு நடுவழியில் இறங்கிக் கொண்டது.

எங்கே இறங்கியது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிமார் ரஜூலா போன்ற கப்பல்களில் வங்கக்கடலைக் கடந்து வந்தவர்கள். வாந்தியும் காய்ச்சலும் சாவும் பார்த்த பயணங்கள் அவை. வந்து இறங்கியவர்களுள் எத்தனையோ பேரை முதலில் ஜெரெஜாக் தீவில் நோய்க் கண்காணிப்பில் அடைத்து வைத்தார்கள். அதன்பின் அவர்கள் சென்றது உள்நாட்டுத் தோட்டங்களுக்கு. இரண்டு மூன்று தலைமுறைகள் பால்மரக் காட்டுக்குள் வாழ்ந்தன. அவர்களுக்குக் கடல் என்பது ஊரைப் பிரித்த ஒன்று. பிறகு கோயில் திருவிழா முடிந்த மறுநாள் பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஒன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகர்ப்புறத்துக்கு வந்த நம்மில் சிலர் கடலோரத்தில் வீடு வாங்கினோம், அல்லது வாடகைக்கு அமர்ந்தோம். வீடுதான் கடலோரம் வந்தது. மனம் இன்னமும் தோட்டத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தத் தஞ்சோங் பூங்காவில் ஐரோப்பியர்கள் தங்களுக்கென ஒரு நீச்சல் சங்கம் நடத்தினார்கள். பின்னர் சீனர்களும் தங்களுக்கென ஒன்றை அமைத்துக் கொண்டார்கள். நாம் அமைக்கவில்லை. அதற்கு நம்மிடம் பணமும் இருக்கவில்லை, ஓய்வும் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவற்றோடு ‘தண்ணீரில் கண்டம்’ வேறு! பிள்ளை பிறந்ததும் சாதகம் கணித்தவர் பன்னிரண்டு வயதுவரை தண்ணீரில் கண்டம் என்று சொல்லியிருப்பார். என் வகுப்பில் ஆண்டுதோறும் இரண்டு மூன்று பிள்ளைகளாவது இந்தக் கண்டத்தோடு வருகிறார்கள். சோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் அந்தத் தாய்மார்களிடம் வாதிடுவதில்லை. “தண்ணீரில் ஆபத்து என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது அல்லவா? அப்படியென்றால் நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டிய முதல் பிள்ளை உங்கள் பிள்ளைதானே, அம்மா?” என்று மட்டும் கேட்பேன். ஒரு தாய் சிரித்துவிட்டுப் போனார். ஒருவர் கோபித்துக் கொண்டார். ஒருவர் மட்டும் அடுத்த விடுமுறையில் மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்தார். மூவரில் ஒருவர் என்பது மோசமான கணக்கில்லை.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நாம் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறோம். ஆழத்தைத் தெரிந்து கொள்வது எப்படி என்று எப்போதாவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

இதற்கெல்லாம் பெரிய பாடத்திட்டம் தேவை என்று நான் நினைக்கவில்லை. கையில் இருப்பதைக் கொண்டே தொடங்கலாம். நம் வீட்டுச் சுவரில் தமிழ் நாட்காட்டி தொங்குகிறது. அமாவாசையும் பௌர்ணமியும் அதில் இருக்கின்றன. விரதம் இருப்பதற்காக அம்மா அதைப் பார்க்கிறார். அதே நாள்களை ஒட்டித்தான் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். எங்கள் கரையில் அந்த நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக வரும். நிலவு உதிக்கும் நேரமும் அவ்வாறே தள்ளிப் போவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து விடுவார்கள். இதற்குத் தமிழில் ‘ஓதம்’ என்ற அழகிய சொல் உண்டு. ஒருமுறை நான்காம் ஆண்டு மாணவர்கள் சிலரைப் பெற்றோருடன் கரைக்கு அழைத்துச் சென்றபோது நல்ல வற்றம். சேறும் சிப்பியும் வெளியே தெரிந்தன. “டீச்சர், கடல் எங்கே போச்சு?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அவள் வீட்டுச் சன்னலிலிருந்து அந்தக் கடல் தெரியும்! இதுவரை அவளை யாரும் பார்க்கச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவள் கேள்வி எளிமையானதன்று. வழக்கமான வற்றம் மணிக்கணக்கில் மெல்ல நிகழும். பேரலைக்கு முந்திய வற்றமோ சில நிமிடங்களில் நிகழும், நாட்காட்டிக்குக் கட்டுப்படாது. வழக்கமானதை அறிந்த பிள்ளைக்குத்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். 2004இல் தாய்லாந்தின் புக்கெட் தீவில், மாய்க்காவ் கடற்கரையில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி கடல்நீர் நுரைத்துக் கொதிப்பது போல் இருப்பதைப் பார்த்தாள். இரண்டு வாரங்களுக்கு முன்பு புவியியல் வகுப்பில் ஆசிரியர் நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. பெற்றோரிடம் கத்தினாள். ஏறத்தாழ நூறு பேர் உயிர் பிழைத்தனர். ஓர் ஆசிரியர் நடத்திய ஒரு பாடவேளை! நம்முடைய பாடவேளைகளுக்கும் அந்த ஆற்றல் உண்டு என்பதை நாமே மறந்து போகிறோம்.

ஆபத்து பேரலையால் மட்டும் வருவதன்று. எங்கள் நீரில் ஜெல்லி மீன்கள் உண்டு. தமிழகக் கடலோரத்தார் சொறி என்பார்கள். பெட்டி வடிவத்தில் உள்ள ஒருவகை உயிருக்கே ஆபத்தானது. தீண்டிவிட்டால் தேய்க்கக்கூடாது, குழாய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது. வினிகரைத் தாராளமாக ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகக்கூடாது. மிதந்து, கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு தளர்ந்தபின் கரை சேர வேண்டும். இவற்றைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிகிறது. அறிவியல் தமிழில் வராது என்பவர்கள் ஒருமுறை என் வகுப்புக்கு வரலாம்.

பயமுறுத்துவதோடு நின்றுவிட்டால் பிள்ளைகள் கடலை வெறுத்துவிடுவார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஐந்திணை படித்தபோது, நெய்தலுக்குரிய மரம் செடிகளைத் தேர்வுக்காக மனனம் செய்தேன். புன்னை, தாழை, அடும்பு... அவை ஏதோ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய, தொலைந்துபோன செடிகள் என்றே என் எண்ணம். தஞ்சோங் பூங்காவுக்குக் குடிவந்த பிறகுதான், மலாய்க்காரர்கள் பெனாகா லாவுட் என்று அழைக்கும் மரம் நம் புன்னை என்று அறிந்தேன். பளபளக்கும் தடித்த இலை, வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம், உருண்டையான பச்சைக் காய். பெருநிலத்தில் பெனாகா என்று ஓர் ஊரே இருக்கிறது. மணலில் படர்ந்து ஊதா நிறத்தில் பூக்கும் கொடியை மலாய்க்காரர்கள் குதிரைக் குளம்பு என்பார்கள், இலை அப்படி இருக்கும். தமிழில் ஆட்டுக்கால் அடம்பு என்றும் சொல்வதுண்டு. அதுவே சங்கப் பாடல்களின் அடும்பு! நற்றிணையில் ஒரு பெண், தான் விதைத்து வளர்த்த புன்னை தனக்கு உடன்பிறந்தவள் என்று தாய் சொன்னதை எண்ணி, அதன் நிழலில் நிற்கவே நாணுகிறாள். நாணத்துக்குரிய காரணத்தை விட்டுவிட்டு மரம் உடன்பிறப்பான கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மறுவாரம் ஒரு மாணவன் பள்ளிப் பைக்குள் ஐந்து புன்னைக் காய்களைக் கொண்டு வந்தான். அவற்றுள் இரண்டு முளைத்திருக்கின்றன. திணை இலக்கணம் இனி அவனுக்கு மனனப் பாடமாக இராது.

பெற்றோரின் அச்சம் எனக்குப் புரியாததன்று. மாணவர்களை நீர்நிலைப் பக்கம் அழைத்துச் செல்லப் பள்ளிக்கு அனுமதி கிடைப்பது எளிதில்லை. எளிதாக இருக்கவும் கூடாது. ஏதேனும் நடந்துவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானது. ஆகவேதான் இதனைப் பள்ளியின் தோளில் மட்டும் ஏற்றாமல் பெற்றோரையும் அழைக்கிறேன். தண்ணீரில் இறங்க வேண்டியதுகூட இல்லை, முதல் நான்கு பாடங்களுக்குக் கரையில் நின்றாலே போதும். அபாயச் சங்கு இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். 2004க்குப் பிறகு அரசு எச்சரிக்கை அமைப்பை ஏற்படுத்தியதும் உண்மை. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் மாலை, சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கையும் வந்தது. நானும் என் பிள்ளைகளும் மேட்டுப்பக்கம் ஏறிக் கொண்டிருந்தோம். சாலையோரத்தில் வண்டிகளை நிறுத்தி, கைப்பேசியை உயர்த்திப் பிடித்து அலைக்காகக் காத்திருந்தவர்களையும் கண்டேன். அவர்களுள் சிலர் தமிழில்தான் பேசிக் கொண்டிருந்தார்கள். அன்று அலை வரவில்லை. சங்கு ஊதியது காதுக்குத்தான் கேட்கும். ஓட வேண்டும் என்பதை ‘ஸ்மோங்’ போன்ற ஒன்று சிறுவயதிலேயே உள்ளே விதைத்திருக்க வேண்டும்.

காலமும் குறைவு. தஞ்சோங் தோக்கோங் கரையோரம் கடலை நிரப்பி வீடுகள் எழுந்துவிட்டன. 2016க்குப் பிறகு அதற்கு அப்பால் புதிய செயற்கைத் தீவே உருவாயிற்று. நான் வந்தபோது பார்த்த கரைக்கோடு இன்று இல்லை. மீனவர்களிடம் கேட்டால் எந்த மீன் எப்போது வரும், நீரோட்டம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று விளக்குவார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மலாய்க்காரர்களும் சீனர்களும். நம் பிள்ளைகளை அவர்களிடமும் அழைத்துச் செல்லலாம், மலாய் மொழிப் பாடத்துக்கும் அது உதவும். தெலுக் பகாங்கில் சிங்கமுகக் காளியம்மன் கோயிலின் மாசிமகத் தெப்பத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறோம். அம்மன் கடலில் மிதந்து செல்வதைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். மாசிமகம் பௌர்ணமியை ஒட்டி வருவது. அன்று கடல் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று பிள்ளைக்கு ஒருமுறை காட்டுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள், ஓதம் நன்றாக வற்றும் நேரத்தில், எங்கள் அடுக்குமாடிக்குக் கீழேயுள்ள கரையில் ஆறேழு குடும்பங்கள் கூடுவதாக இருக்கிறோம். பிள்ளைகள் ஒரு கம்பை நட்டுக் கோடு போட்டு, நீர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் திரும்பி வருகிறது என்று அளப்பார்கள். பிறகு வீட்டுக்குப் போய்க் கட்டுரை எழுதுவார்கள், கரும்பலகை வாசகங்கள் இல்லாமல். வர விரும்பும் பெற்றோர் காலணி அணிந்து வாருங்கள், சிப்பி காலைக் கிழிக்கும். வினிகர் போத்தல் ஒன்றை நான் கொண்டு வருகிறேன். குடிநீரும் தொப்பியும் உங்கள் பொறுப்பு.